இருங்கெளுத்தியின் மூன்று முள்

தனம் அக்கா பின்கட்டில் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். வலது கை மணிக்கட்டு வரைக்கும் ஒரு பித்தளைக் குண்டானுக்குள் இருந்தது. குண்டான் நிறையக் கிணற்றுத் தண்ணீர். அவர் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். காலடியில் அரிவாள்மணை, பாதி நறுக்கிய மீன், மீனைப் புரட்டிய சாம்பல்.

அவர் கணவர் ஏகாம்பரம் அண்ணன் உள்ளேயிருந்து ஒரு பட்டு நூலோடு வந்தார். தறியில் நீளவாக்கில் பாவாக ஓடுகிற முறுக்கு நூல்.

"கைய எடு."

"கடுக்குதுங்க. தோள்பட்ட வரிக்கும் ஏறிக்கினு வருது."

"ஏறாம இருக்கத்தான் கட்றேன். காட்டு."

சுட்டுவிரலின் அடியில் ஆறேழு சுற்று சுற்றினார். முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பினார். நெசவுக்காரர் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

நான் சந்துக் கதவருகில் காலிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். அக்காவின் விரலைக் குத்திய மீன் நான் விற்றது என்பதால் ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அண்ணா, வெந்நீர்ல வைக்கணும்ணா. பொறுக்கிற சூட்ல. கடக்கரையில அப்பிடித்தான் செய்வாங்க" என்றேன்.

பக்கத்து வீட்டுச் சாயக்காரர் வேலு மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். முழங்கை வரை அரக்குச் சிவப்பு. அவர் முதுகுக்குப் பின்னால் சாயத்தொட்டி கொதித்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"சூடு பட்டா விஷம் குபுக்குனு ஏறும்பா. பாம்பு கடிச்சவனுக்கு வெந்நீர் ஊத்துவியா நீ? மீன் விக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?"

ஏகாம்பரம் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் அதற்கு மேல் பேசவில்லை.

கூடை தலைக்கு வந்த வழி

ஓட்டலில் மாவாட்டியதையும், அங்கிருந்து ஓடிப்போனதையும் இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். ஓடிப்போனவன் நேராகக் கடலுக்குப் போனேன் என்று நினைக்க வேண்டாம். திருப்புட்குழிப் பக்கம் பிறந்தவனுக்குக் கடல் ஞாபகத்துக்கு வராது. ஏரி தெரியும், கிணறு தெரியும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் முடிந்துவிட்டது. செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் மூன்று நாள் படுத்துக் கிடந்தபோது, ஒருவர் தன் மீன் கூடையைத் தூக்கி பஸ் மேலே வைக்கச் சொன்னார். வைத்தேன். கூடவே வா என்றார். போனேன். என் வாழ்க்கையில் பெரும்பாலான வேலைகள் இப்படித்தான் வந்தன.

அவர் பெயர் கன்னியப்பன். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் குடிசை. மீன் பிடிப்பது அவர். செங்கல்பட்டு, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் கொண்டுபோய் விற்பது நான் என்று ஏற்பாடு.

வஞ்சிரமும் வவ்வாலும் காஞ்சிபுரம் வரை வராது. வழியிலேயே இறங்கிவிடும். கடைசி ஊர் வரை வருவது மற்றவர்கள் தொடாத மீன். அதில் முக்கால்வாசி இருங்கெளுத்தி. செதில் கிடையாது, உடம்பெல்லாம் வழவழப்பு, பார்க்க அழகில்லை. ஆனால் சின்ன முள் இல்லாத சதை. புளி கரைத்து மிளகாய் அரைத்துப் போட்டால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், ஏகாம்பரம் அண்ணன் இருக்கும் பக்கம், நான்கு தெருவுக்கு மணக்கும்.

பஸ்காரர்களோடுதான் தினமும் தகராறு. ஒரு கண்டக்டர் என்னைப் பார்த்ததுமே மூக்கைப் பிடித்துக்கொள்வார்.

"இன்னாய்யா, என் பஸ்ஸு கடலாட்டம் நாறுது."

"கடல்ல இருந்துதானே சார் வருது."

"வாய் மட்டும் நாறாம பேசு. ஏறு மேல."

மேலே என்றால் பஸ்ஸின் கூரை. வெயில் காலத்தில் கூடைக்கு மேல் ஈரச்சாக்குப் போட்டு, நானும் சாக்கின் நிழலிலேயே ஒண்டிக்கொள்வேன்.

பாலாறு முடியும் இடம்

காஞ்சிபுரத்தைத் தாண்டிப் போகும்போது பாலாறு வெறும் மணல். அதே ஆறு முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரோடு கிடக்கும். அதில் பாதி ஆறு, பாதி கடல். உப்பும் இல்லாத, நல்ல தண்ணீரும் இல்லாத அந்தச் சேற்றுத் தண்ணீர்தான் இருங்கெளுத்திக்குப் பிடித்த இடம்.

அதன் இன்னொரு வகை கல்லும் பாறையும் உள்ள கடலோரத்தில் இருக்கும். உடம்பு கறுப்பு, பக்கத்துக்கு இரண்டு வெள்ளைக் கோடு. அதன் குஞ்சுகளை ஒருநாள் கன்னியப்பன் காட்டினார். பாறைக்குப் பக்கத்தில், முழங்கால் தண்ணீரில், கறுப்பாக ஒரு பந்து உருண்டு போனது. பெரிய பூசணிக்காய் அளவு. உற்றுப் பார்த்தால் அத்தனையும் குஞ்சு. ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு, முன்னால் இருப்பவை மணலைக் கிளறித் தின்ன, பின்னால் இருப்பவை மேலே ஏறி முன்னால் வந்து விழுந்தன. பந்து அப்படியே நகர்ந்தது. நான் காலை நீட்டப் போனேன். கன்னியப்பன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"உள்ளங்கை நீளம் கூட இல்ல. ஆனா முள்ளு இருக்குது. பொறக்கும்போதே கத்தியோட வர்ற சாதி அது."

வளர வளரக் கூட்டம் கலைந்துவிடும். பெரிய மீன் தனியாகத்தான் திரியும். பகலில் கல்லுக்கு அடியில், சேற்றுப் பொந்தில். இருட்டினால் மீசையால் தடவித் தடவி இரை தேடும். வாயைச் சுற்றி எட்டு மீசை. வால் மற்ற மீன்கள் போல விரிந்திருக்காது. விலாங்கு போலக் கூர்ந்து முடியும். முட்டையிட்ட பொந்தை ஆண்தான் காவல் காக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் பார்த்ததில்லை.

யாரையும் தேடி வந்து குத்தாது. அதற்கு விலகிப் போகத்தான் விருப்பம். மிதித்தால், பிடித்தால், வலையில் மாட்டினால் மூன்று முள்ளையும் விறைத்துக்கொள்ளும். முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. விறைத்தால் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். கையால் மடக்க முடியாது. முள்ளின் இரு ஓரமும் ரம்பம். அதன் மேல் மெல்லிய தோல் உறை. பாம்பு போலப் பல்லில் குழாய் வைத்து ஏற்றுவதில்லை. அந்தத் தோல் கிழிந்து விஷம் காயத்தில் கலக்கிறது.

மீன் செத்தாலும் முள் சாகாது. இதைத்தான் கன்னியப்பன் திரும்பத் திரும்பச் சொல்வார். அவர் கூட்டத்தில் ஒருவர் கரையில் காய்ந்து கிடந்த முள்ளை மிதித்துவிட்டு மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. குத்திவிட்டால் அவர்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. தாங்குகிற சூட்டில் வெந்நீர், அதில் கையோ காலோ, கடுப்பு அடங்கும் வரை. சூட்டில் அந்த விஷம் கெட்டுப்போகிறது என்று வெகுகாலம் கழித்து, படித்தவர் ஒருவர் எனக்கு விளக்கினார். கன்னியப்பனுக்கு விளக்கம் தெரியாது. வெந்நீர் மட்டும் தெரியும்.

முள் ஒடிப்பது

அதனால் ஒரு வழக்கம். இருங்கெளுத்தி கரைக்கு வந்தவுடன், கூடைக்குப் போகும் முன், மூன்று முள்ளையும் குறடால் அடியோடு ஒடித்துவிட வேண்டும். ஒடித்ததை மணலில் போடக் கூடாது. வெறுங்காலோடு நடக்கிற இடம். அடுப்பில் போடுவார்கள். தெருவில் விற்கும்போது "முள்ளெடுத்த கெளுத்தி" என்று கூவ வேண்டும். வாங்குகிறவர் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கையை வைக்கிறார்.

ஒடிப்பது என் வேலை. அன்றைக்கும் நான்தான் உட்கார்ந்து ஒடித்துக்கொண்டிருந்தேன். பஸ் சீக்கிரம் கிளம்பிவிட்டது. மிச்சத்தை அப்படியே கூடையில் வாரிப் போட்டுக்கொண்டு ஓடினேன். பஸ்ஸின் கூரையில் உட்கார்ந்து ஒடித்தேன். சாலை குண்டும் குழியும். கூடை ஒரு பக்கம் சாயும், குறடு ஒரு பக்கம் போகும். வாலாஜாபாத் வரும்போது எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுதான் உண்மை. ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை.

ஏகாம்பரம் அண்ணன் வீட்டில் மீன் வாங்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. தறியில் சேலை ஓடுகிற நாட்களில் மீன் கிடையாது. கையில் வாடை இருந்தால் பட்டைத் தொட முடியாது. சேலையைத் தறியிலிருந்து அறுத்த அன்று, தறி காலியாக இருக்கும் அந்த ஒரு நாள், மீன் குழம்பு. அன்று சேலை அறுத்திருந்தார்கள். மறுநாள் காலையில் புதுப் பாவைப் பிணைக்க வேண்டும்.

பாவு பிணைப்பது தனம் அக்காவின் வேலை. தறியில் மிஞ்சி நிற்கிற பழைய இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு திருகு. முடிச்சே கிடையாது. ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். அக்கா பிணைத்தால் ஒன்றுகூட நழுவாது என்று அந்தத் தெருவில் பேச்சு. வேறு வீடுகளிலும் வந்து கூப்பிட்டுப் போவார்கள். அந்த வீட்டுச் சோற்றில் பாதி அந்த இரண்டு விரலில் இருந்தது.

"முள்ளெடுத்துட்டியாபா?" என்று அவர் கேட்டார். எப்போதும் கேட்பார்.

"எடுத்தாச்சுக்கா."

எப்போதும் சொல்கிறபடி சொன்னேன். கூடையை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தாண்டியிருப்பேன். பின்னாலேயே ஆள் வந்துவிட்டது.

மூன்றாம் நாள்

முதல் நாள் மஞ்சள் அரைத்துப் பூசினார்கள். இரண்டாம் நாள் விரல் கத்திரிக்காய் போல வீங்கிற்று. நிறமும் அதே நிறம். விஷம் விரலிலேயே நிற்கிறது, கட்டு வேலை செய்கிறது என்று ஏகாம்பரம் அண்ணன் நம்பினார். கட்டுக்கு மேலே இன்னொரு கட்டுப் போட்டார். பருத்தி நூலாக இருந்தால் வீங்குகிற வீக்கத்துக்கு அறுந்தாவது போயிருக்கும். பட்டு அறாது. சதைக்குள் இறங்கிவிட்டது.

இதெல்லாம் மூன்றாம் நாள் காலையில் நான் போனபோதுதான் தெரிந்தது. அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "வலி போயிடுச்சுபா. ஒண்ணுமே தெரியல" என்றார். கையைக் காட்டச் சொன்னேன். விரல் நுனி கறுத்திருந்தது. நானே தெருமுனைக்கு ஓடி சைக்கிள் ரிக்‌ஷா கூட்டிவந்தேன். மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் வயதானவர். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏகாம்பரம் அண்ணன் அப்போது அங்கே இல்லை. அக்கா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று ரொட்டி வாங்கப் போயிருந்தார்.

"இந்த நூலை யாரும்மா கட்டினது?"

"வீட்லதான் சார்."

"எப்போ?"

"அன்னிக்கே. குத்துன ஒடனே."

டாக்டர் நூலை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு சாதாரணமாகவே சொன்னார். "மீன் குத்தினா வலிக்கும். ஒரு நாள், ரெண்டு நாள். வீங்கும், எறங்கிடும். இது ரத்தம் போகாம செத்துப்போன விரல். நூலாலதான் போயிருக்கு. எடுத்துடணும்."

அவர் உள்ளே போனதும் அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அவருகிட்ட சொல்லாத."

"இன்னாக்கா?"

"நூலுன்னு சொல்லாத. மீனுன்னே இருக்கட்டும். கட்டுன அந்தக் கையோடதான அவரு தறில ஒக்காரணும். தெரிஞ்சா ஒக்கார மாட்டாரு. எனக்குத் தெரியும்."

நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

"உனக்குத்தான் கெட்ட பேரு. தெரியுது. நீ ஊர் ஊரா போறவன்பா. எங்கியாவது போயிடுவ. நாங்க இங்கியே இருக்கணும்."

முள்ளை ஒடிக்காமல் விட்டது நான். அந்தப் பெயர் எனக்கு வரவேண்டியதுதான் என்று தோன்றியது. தலையை ஆட்டினேன். ஏகாம்பரம் அண்ணன் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தார். என்ன சொன்னார் டாக்டர் என்று கேட்டார்.

"விஷம் முத்திடுச்சாம். வெரல எடுக்கணுமாம்" என்றார் அக்கா. "நல்லவேள நீங்க கட்டுனீங்க."

மீன் தின்ற விரல்

பிள்ளையார்பாளையத்தில் அதற்குப் பிறகு யாரும் இருங்கெளுத்தி வாங்கவில்லை. என் கூடையைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். "வெரல் தின்ற மீனு வருது" என்று ஒரு கிழவர் உரக்கச் சொல்வார். இரண்டு வாரம் சுற்றிப் பார்த்தேன். பிறகு கன்னியப்பனிடம் கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைக் குடிசைக்குள் கவிழ்த்து வைத்தார். பிடிக்கிற மீனில் பாதியை இனி அவர் கரையிலேயே போட வேண்டியிருக்கும். அவர் சொல்லாமலே அது எனக்குத் தெரியும்.

திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளை, பிறகு ஒரு விறகு லாரி. இரண்டு வருடம் போயிருக்கும். விறகு லாரிதான் என்னைத் திரும்ப அந்தத் தெருவில் கொண்டுபோய் விட்டது. சாயக்காரர் வேலுவுக்கு ஒரு லோடு.

விறகை இறக்கி அடுக்கினோம். வேலு என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் பழசைப் பேசவில்லை. ஒரு கட்டை நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று எடுத்துத் தட்டினார். "ஹா" என்று கையை உதறினார். கட்டையின் பிளவிலிருந்து ஒரு தேள் விழுந்து ஓடியது.

"நீ எத கொண்ணாந்தாலும் அதுல ஒண்ணு இருக்குதுபா" என்றார். வலியிலும் அவருக்கு வாய் அடங்கவில்லை. பிறகு மதிலைப் பார்த்துக் கூப்பிட்டார்: "ஏகாம்பரம், நூல எடுத்துக்கினு வா."

அந்த இரண்டு வருடத்தில் ஏகாம்பரம் அண்ணன் தெருவுக்கே கட்டுக் கட்டுகிறவராக ஆகியிருந்தார். தேள், பூரான், குளவி, எது கடித்தாலும் அவரிடம்தான் வருவார்களாம். பெண்டாட்டியின் உயிரைக் காப்பாற்றின கை. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. வேலுவின் கட்டைவிரலைப் பிடித்தார். அதே முறுக்கு நூல். சுற்றிக்கொண்டே சொன்னார்:

"பயப்படாத. அன்னிக்கு நான் கட்டலன்னா இவளே இல்ல. வெரலோட போச்சு."

தனம் அக்காவும் பின்னாலேயே வந்து சந்துக் கதவில் நின்றுகொண்டிருந்தார். வலது கையைப் புடவைக்குள் வைத்திருந்தார். கட்டைவிரலையும் நடுவிரலையும் வைத்துப் பாவு பிணைக்கப் பழகிவிட்டார் என்றும், முன்னைப் போல இல்லை, இழை நழுவுகிறது, வேறு வீடுகளில் கூப்பிடுவதில்லை என்றும் சற்று முன்புதான் வேலுவின் மனைவி சொல்லியிருந்தார்.

முடிச்சு விழுந்தது. ஏகாம்பரம் அண்ணன் நூலைக் கடிக்கக் குனிந்தார்.

அக்கா தன் வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி இடது கையில் இருந்தது. வேலுவின் கையைத் தன் பக்கம் இழுத்து, நூலுக்கும் தோலுக்கும் நடுவில் கத்தரியை நுழைத்து வெட்டினார்.

"இன்னா பண்ற நீ? விஷம் ஏறும்."

"ஏறட்டும். கடுக்கும், எறங்கிடும். கட்டாதீங்க."

"பைத்தியமா உனக்கு?"

"என் வெரல எடுத்தது மீனு இல்லீங்க. நூலுதான். டாக்டரு அன்னிக்கே சொன்னாரு."

வேலு வலியை மறந்து அவரைப் பார்த்தார். வெட்டின நூல் துண்டு அவர் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஏகாம்பரம் அண்ணன் தன் கைகளைப் பார்க்கவில்லை. அக்காவின் கையையும் பார்க்கவில்லை. சாயத்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா தறில ஒக்காந்திருப்பீங்களா?"

அவர் மிச்ச நூலைச் சுருட்டி மடியில் செருகினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் ஆஸ்பத்திரில இருந்தியே."

"இருந்தேண்ணா."

"அன்னிக்கு எங்க பின்கட்டுல நின்னுக்கினு வெந்நீருன்னு சொன்ன. எனக்குக் காதுல விழுந்துச்சு."

"சொன்னேண்ணா."

"ஒரு தடவதான் சொன்ன."

"ஆமாண்ணா."

"இன்னொரு தடவ சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை. நான் கீழே கிடந்த கட்டையை எடுத்து அடுக்கின் மேல் வைத்தேன்.